ஃப்ளூ ஊசிக்கு இவ்வளவு செலவு செய்யத்தான் வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் இருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன், கணவர் டெய்லர். மகளுக்கு நாலரை வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். மழை, பனி என்றால் அவளுக்கு வீசிங் வந்துவிடும். போன டிசம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்குப் போய்விட்டது. அப்போது தினமும் இழுக்கச் சொல்லி இன்ஹேலர் கொடுத்தார்கள். பழகிவிடும் என்று பயந்து கொஞ்ச நாளில் நிறுத்திவிட்டோம். மகனுக்கு ஒன்பது மாதம் ஆகப்போகிறது. குழந்தை டாக்டர் இருவருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடச் சொல்கிறார். ஒரு ஊசி இரண்டாயிரம் ரூபாய், அதுவும் வருடா வருடம். "அவசியம் என்றால் கவர்ன்மென்டே இலவசமாகப் போட்டிருக்குமே" என்கிறார் கணவர். "சளி, காய்ச்சல் வந்து போனால்தான் உடம்பில் எதிர்ப்பு சக்தி வரும்" என்கிறார் என் அத்தை (மாமியார், வயது 63, சர்க்கரை உண்டு). பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்ட மறுவாரமே காய்ச்சல் வந்ததாம். சிங்கப்பூரில் இருக்கும் என் அக்காவோ "இன்னுமா போடவில்லை?" என்று கேட்கிறாள். அரசு ஊசிகள் எல்லாம் தவறாமல் போட்டிருக்கிறோம். ஐந்து நோய்க்கு ஒரே ஊசி என்று போட்டதில் இன்ஃப்ளூயன்ஸாவும் உண்டு என்று நர்ஸ் சொன்னதாக ஞாபகம். எதை நம்பி முடிவெடுப்பது?
வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் போடுங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்ட் நடுவுக்குள் முதல் ஊசி போட்டுவிட்டால் நல்லது. உங்கள் குழந்தை மருத்துவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அதைவிடப் பெரிய கேள்வி. வீட்டில் ஆளுக்கொன்று சொல்லும்போது ஒரு தாய் எதை வைத்து முடிவெடுப்பது? உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கணவர் காசைப் பற்றிப் பேசுகிறார், அத்தை உடம்பின் பலத்தைப் பற்றிப் பேசுகிறார், பக்கத்து வீட்டார் ஊசியின் கெடுதலைப் பற்றிப் பேசுகிறார், அக்கா தன் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார். யார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஃப்ளூ வந்தால் இந்த இரண்டு குழந்தைகளுக்கும் என்ன ஆகும் என்று யாருமே கேட்கவில்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஊரில் உள்ள குழந்தைகளுக்கு எல்லாம் என்ன ஆகும் என்பது அப்புறம்.

பள்ளிக்குப் போகிற சின்னக் குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம். அதற்குக் காரணமான வைரஸ்கள் ஏராளம். ஃப்ளூ அவற்றில் ஒன்று மட்டும்தான், ஆனால் மற்றவற்றைவிட முரட்டுத்தனமானது. காலையில் ஓடி விளையாடிய பிள்ளைக்குச் சாயங்காலம் காய்ச்சல் 103-ஐத் தொடும். உடம்பு முறிகிற வலி, வறட்டு இருமல், சாப்பாட்டைக் கண்டால் வெறுப்பு. பெரும்பாலான குழந்தைகள் ஐந்தாறு நாளில் தேறிவிடுவார்கள். சிலருக்கு அது நெஞ்சில் இறங்கி நிமோனியா ஆகிவிடும். 2018-ஆம் ஆண்டுக்கு உலக அளவில் கணக்கிட்டுப் பார்த்தபோது, அந்த ஒரே வருடத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 8,70,000 குழந்தைகள் ஃப்ளூவோடு தொடர்புள்ள நுரையீரல் தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இறந்தவர்கள் 34,800 பேர் வரை இருக்கலாம் என்று அந்த ஆய்வு சொன்னது. நம் பக்கத்திலும் இது அந்நியமான நோய் இல்லை. 2022 செப்டம்பரில் குழந்தைகளுக்கு ஃப்ளூ பரவியதால் புதுச்சேரியில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை பள்ளிக்கு விடுமுறை விட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

உங்கள் மகனுக்கு ஒன்பது மாதம். வயிற்றில் இருந்தபோது உங்களிடமிருந்து அவனுக்குக் கிடைத்த எதிர்ப்பணுக்கள் இந்நேரம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். ஃப்ளூ வைரஸை அவன் உடம்பு இதுவரை சந்தித்தே இருக்காது. மூச்சுக்குழாயும் மெல்லியது; கொஞ்சம் வீங்கினாலும் கொஞ்சம் சளி அடைத்தாலும் மூச்சுவிடக் கஷ்டப்படுவான். அதனால்தான் ஃப்ளூவால் மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் இரண்டு வயதுக்குட்பட்டவர்கள் அதிகம். இவனுக்கு வேறு நோய் எதுவும் இல்லையே என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வயதே போதுமான காரணம்.

மகள் விஷயம் வேறு. அவளுடைய நுரையீரல் ஏற்கெனவே ஒரு தடவை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விட்டது. வீசிங் உள்ள குழந்தைக்கு ஃப்ளூ வந்தால் காய்ச்சலோடு நிற்காது, இழுப்பைக் கிளப்பிவிடும். நெபுலைசர், ஆக்சிஜன், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் நீங்கள் டிசம்பரில் பார்த்ததுதான்.

இங்கே ஊசியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொல்ல வேண்டும். இன்ஹேலரைப் பழகிவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான். தினமும் இழுக்கக் கொடுத்தது மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணித்து வைக்கும் மருந்தாக இருக்க வேண்டும். அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருக்கும். நேராக நுரையீரலுக்குப் போகும். அதற்கு யாரும் அடிமையாவதில்லை. நிறுத்தினால் மறுபடி இழுப்பு வருகிறது என்றால் உள்ளே வீக்கம் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம். தொடர வேண்டுமா, எவ்வளவு நாள், எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் அவளைப் பரிசோதித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஊசி போடப் போகும் அன்றே இன்ஹேலரையும், அதில் மாட்டிக் கொடுக்கும் குழாயான ஸ்பேஸரையும் பையில் எடுத்துப் போங்கள். நீங்கள் கொடுக்கும் முறை சரியா என்று அவர் முன்னாலேயே கொடுத்துக் காட்டுங்கள். ஊசியா, ஒழுங்கான இன்ஹேலரா, இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி என்று நீங்கள் சொன்னால், உங்கள் மகள் விஷயத்தில் நான் இன்ஹேலரைத்தான் முதலில் சொல்வேன். அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், அந்தச் செலவையாவது குறைக்கலாம்.

இனி ஊசி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதைப் பார்ப்போம். இதில் உங்களுக்கு மிகைப்படுத்தாத பதில் வேண்டும், ஏனென்றால் மிகைப்படுத்தி விற்றால்தான் பிறகு "போட்டும் வந்துவிட்டதே" என்று நம்பிக்கை போகிறது. அம்மை ஊசி மாதிரி இது ஏறக்குறைய முழுப் பாதுகாப்பு தருவதில்லை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2018-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2 முதல் 16 வயது வரையிலான குழந்தைகளில், ஊசி போடாத நூறு பேரில் 30 பேருக்கு ஃப்ளூ வந்தது; போட்டவர்களில் 11 பேருக்கு வந்தது. ஆனால் ஃப்ளூவோ வேறு வைரஸோ, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் சளிக் காய்ச்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிய ஆய்வுகளில் நூற்றுக்கு 28 என்பது 20 ஆகத்தான் குறைந்தது. இந்த இரண்டாவது கணக்கைத்தான் வீட்டில் நாம் கண்ணால் பார்க்கிறோம். ஊசி போட்ட பிறகும் மூக்கு ஒழுகும், இருமல் வரும். ஊசி அதைத் தடுப்பதாக யாராவது சொல்லியிருந்தால் அது தவறு.

நம் நாட்டு ஆய்வும் உண்டு. ஹரியானாவில் பல்லப்கட் பக்கத்துக் கிராமங்களில் ஆறு மாதம் முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மூன்று வருடம் போட்டுப் பார்த்தார்கள். ஃப்ளூவைத் தடுத்தது முதல் வருடம் நூற்றுக்கு சுமார் 26, இரண்டாம் வருடம் 41, மூன்றாம் வருடம் 74. இதுதான் இந்த ஊசியின் குணம். எந்த வைரஸ் சுற்றுகிறது, அதற்கும் ஊசியில் உள்ளதற்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் பலன் ஏறி இறங்கும். அந்த வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் கூடி, அடுத்த ஊசியில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. வருடா வருடம் போடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். வியாபாரத்துக்காக வைத்த ஏற்பாடு இல்லை.

பலன் பாதிதான் என்றால் எதற்கு இவ்வளவு சிபாரிசு என்று கேட்பீர்கள். மூக்கு ஒழுகுவதைத் தடுப்பது எனக்கு முக்கியமில்லை. குழந்தை ஐ.சி.யு.வுக்குப் போகக் கூடாது, உயிர் போகக் கூடாது, அதுதான் முக்கியம். அமெரிக்காவில் 2010 முதல் 2014 வரை ஃப்ளூவால் இறந்த குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, வேறு நோய் இல்லாத குழந்தைகளுக்கு ஊசி மரண அபாயத்தை நூற்றுக்கு 65 அளவுக்குக் குறைத்திருந்தது. ஆஸ்துமா போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு 51. அங்கே ஒவ்வொரு வருடமும் ஃப்ளூவால் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அந்த ஆண்டின் ஊசியை முழுதாகப் போடாதவர்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு முன்பு எந்த நோயும் இருந்ததில்லை. நான் இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. உங்கள் குழந்தைகளுக்கு அப்படி ஆகும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் ஆகிவிட்டால் திருப்பி எடுக்க முடியாத ஒன்றை, சின்ன வலியோடு போகிற ஒன்றால் குறைக்க முடிகிறது என்பதால்தான் நான் போடச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டுக் குழந்தையின் காய்ச்சலுக்கு வருகிறேன். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அது ஃப்ளூவைக் கொண்டுவர முடியாது. போட்ட இடத்தில் வலி, சிவப்பு, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், சிணுங்கல் ஆகியவை வரலாம். அதற்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். மறுவாரம் வந்த காய்ச்சல் பெரும்பாலும் வேறு வைரஸாக இருக்கும். ஊசி வேலை செய்யவே சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் அந்த இடைவெளியில் பிடித்த ஃப்ளூவாகவும் இருக்கலாம். மழைக்காலத்தில் ஒரு தெருவுக்கே ஊசி போட்டால், போடாத தெருவில் வருவது போலவே சிலருக்கு அடுத்த வாரம் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

அதற்காகப் பக்க விளைவு என்ற பேச்சே பொய் என்று சொல்ல மாட்டேன். 2010-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குறிப்பிட்ட தயாரிப்பைப் போட்ட சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வழக்கத்தைவிட அதிகம் வந்தது. அந்த அரசு ஏப்ரலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஃப்ளூ ஊசியையே நிறுத்திவைத்து விசாரித்தது. அந்தத் தயாரிப்பில்தான் கோளாறு என்று தெரிந்தது. மற்ற தயாரிப்புகள் தொடர்ந்தன. கெடுதல் நடந்தால் அது கண்டுபிடிக்கப்படுகிறது, சொல்லப்படுகிறது என்பதற்கு இது சாட்சி. வாட்ஸ்அப் ஃபார்வர்டு அப்படி இல்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது பரவிய புரளியால் எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பெற்றோர் மீது எனக்குக் கோபமில்லை. பயந்தவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் வருத்தம்.

முன்பு ஏதாவது ஃப்ளூ ஊசி போட்டு மூச்சுத்திணறல், முகவீக்கம் போன்ற கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மறுபடி போடக் கூடாது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டாம் என்று முன்பு சொல்வோம். இப்போது அதைத் தடையாகக் கருதுவதில்லை. லேசான சளி இருக்கும்போது போடலாம். நல்ல காய்ச்சல் இருந்தால் தணிந்த பிறகு போடலாம்.

அத்தை சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நோய் வந்து போனால் எதிர்ப்பு சக்தி வரும்தான். ஆனால் அது அந்த வருடம் வந்த அந்த வகைக்குத்தான் நன்றாக வேலை செய்யும். அடுத்த வருடம் வேறு வகை வரும். அந்த எதிர்ப்பைச் சம்பாதிக்க ஒன்பது மாதக் குழந்தை முழு நோயையும் அனுபவித்தாக வேண்டும். ஃப்ளூ வந்து பலவீனமான நுரையீரலில் பாக்டீரியா புகுந்து நிமோனியா ஆவதும், காதில் சீழ் வைப்பதும் அதோடு சேர்ந்த ஆபத்து. ஊசியும் உடம்புக்கு அதே பாடத்தைத்தான் சொல்லித் தருகிறது, நோயைக் கொடுக்காமல். அத்தையின் காலத்தில் பிள்ளைகள் காய்ச்சலில் போனபோது அது ஃப்ளூவா வேறொன்றா என்று கண்டுபிடிக்க வசதி இல்லை. பிழைத்த பிள்ளைகளை மட்டும் வைத்துத்தான் நாம் அந்தக் காலத்தைப் பேசுகிறோம்.

உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பேர் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அதுதான் நியாயமான கேள்வி. இந்திய அரசின் இலவசப் பட்டியலில் ஃப்ளூ ஊசி இல்லை. ஆண்டுக்கு இரண்டு கோடிக்கும் மேல் குழந்தைகள் பிறக்கும் நாட்டில், வருடா வருடம் மருந்து மாறும் ஓர் ஊசியை எல்லோருக்கும் கொடுப்பது பெரிய செலவு, பெரிய ஏற்பாடு. அரசு முதலில் அதிக உயிர்களைக் காக்கும் ஊசிகளுக்குப் பணம் ஒதுக்குகிறது. அது சரியான வரிசைதான். ஆனால் பட்டியலில் இல்லாதது தேவையில்லாதது என்று ஆகிவிடாது. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசி தமிழ்நாட்டில் 2021-இல்தான் இலவசமானது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2017-இல். அதற்கு முன்பும் அவை தேவையான மருந்துகளாகத்தான் இருந்தன, வசதி உள்ளவர்கள் காசு கொடுத்துப் போட்டார்கள். ஃப்ளூ ஊசி இன்று அந்த இடத்தில் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறது. ஐந்துக்கு மேல், ஆஸ்துமா போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு.

செலவை முழுதாகத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். உங்கள் மருத்துவர் இதைச் சொன்னாரா என்று தெரியவில்லை: ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதன்முதலாகப் போடும் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. அடுத்த வருடத்தில் இருந்து ஒன்று போதும். ஆக உங்கள் வீட்டில் இந்த வருடம் நான்கு ஊசி, ஏறக்குறைய எட்டாயிரம் ரூபாய். அடுத்த வருடம் இரண்டு. மகளுக்கு வீசிங் தொடர்கிற வரை ஐந்து வயதுக்குப் பிறகும் போட வேண்டியிருக்கும். இது சின்னத் தொகை இல்லை. ஒரு குழந்தை மூன்று நாள் தனியார் மருத்துவமனையில் படுத்தால் ஆகும் செலவையும், இருவரில் ஒருவர் வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசம்பர் பில் வீட்டில் இருந்தால் எடுத்துக் கணவரிடம் காட்டுங்கள். ஆனால் இதற்காக வட்டிக்குக் கடன் வாங்காதீர்கள். அப்படி வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற அவசர நிலை இது இல்லை.

இரண்டு ஊசிக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் ஆளுக்கு ஒன்று என்று பிரிக்க வேண்டாம். முதல் வருடத்தில் ஒற்றை ஊசி தரும் பாதுகாப்பு குறைவு. ஒருவருக்கு இரண்டையும் முழுதாகப் போடுங்கள். யாருக்கு என்று கேட்டால் நான் மகளைச் சொல்வேன். அவள் ஏற்கெனவே ஆஸ்பத்திரி பார்த்தவள். பள்ளியில் இருந்து வைரஸை வீட்டுக்குக் கொண்டுவருபவளும் அவளாகத்தான் இருப்பாள், அவளைக் காத்தால் தம்பிக்கும் ஓரளவு காப்பு. வேறொரு மருத்துவர் வயதைப் பார்த்துத் தம்பிக்குத்தான் முதலில் என்று சொல்லலாம். அதிலும் நியாயம் உண்டு. உங்கள் குழந்தைகளை நேரில் பார்ப்பவர் உங்கள் மருத்துவர், அவர் பேச்சைக் கேளுங்கள். பிராண்டுக்குப் பிராண்டு விலை மாறும். குறைந்த விலையில் குழந்தையின் வயதுக்கு அனுமதி பெற்றது எது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நான்கு வகை வைரஸுக்கான ஊசிதான் உயர்ந்தது, மூன்று வகை மட்டம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். நான்காவது வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் தென்படவே இல்லை. அதனால் அதை எடுத்துவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்துவிட்டது.

அந்த ஐந்து நோய் ஊசியில் இருப்பது வேறு. ஹீமோபிலஸ் இன்ஃப்ளூயன்ஸா பி என்பது ஒரு பாக்டீரியா. மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருவது. பெயர் ஒத்துப்போவதால் நிறையப் பெற்றோர் ஃப்ளூவுக்கும் போட்டாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். மகனுக்கு ஃப்ளூ ஊசி இன்னும் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்கா சொல்வதும் சரிதான். சிங்கப்பூரில் 2020 முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தேசியப் பட்டியலிலேயே இது இருக்கிறது. அங்கே செலவுக்கு அரசு கைகொடுக்கிறது என்பதையும் அக்காவிடம் சொல்லுங்கள்.

காலத்துக்கு வருவோம். வட இந்தியாவில் பெரும்பாலான ஊர்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சம். சென்னையிலும் வேலூரிலும் செய்த கண்காணிப்பில் அக்டோபர், நவம்பரில்தான், வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து உச்சத்துக்குப் போனது. இரண்டு ஊசிக்கு நான்கு வாரம், அப்புறம் பலன் பிடிக்க இரண்டு வாரம் என்று பின்னாலிருந்து எண்ணினால் ஆகஸ்ட் நடுவுக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தவறிப்போய் அக்டோபர் ஆகிவிட்டால் இனி வீண் என்று விட்டுவிடாதீர்கள், அப்போதும் போடலாம். மருந்துப் பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருக்கும். போடும் முன் அதையும் காலாவதித் தேதியையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். கடையில் நீங்களே வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது.

மகனுக்கு ஒன்பதாம் மாத அரசு ஊசிகள் இப்போது வரும்: தட்டம்மை-ரூபெல்லா, நியூமோகாக்கல் பூஸ்டர், போலியோ ஊசி. அவற்றை ஃப்ளூ ஊசிக்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் போடவும் செய்யலாம். நியூமோகாக்கலும் ஃப்ளூவும் ஒரே நாளில் போட்டால் காய்ச்சல் வலிப்புக்கான வாய்ப்பு சிறிதளவு கூடுவதாகத் தெரிகிறது; அது மிக அரிது. குழந்தைக்கு முன்பு காய்ச்சல் வலிப்பு வந்திருந்தால் நான் பிரித்துப் போடுவேன். வராத குழந்தைக்கு, உங்களைப் போல லீவு போட்டு வர வேண்டியவர்களை இரண்டு தடவை அலைக்கழிக்க மாட்டேன்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இந்த மழைக்காலத்தில் சிலவற்றைக் கவனியுங்கள். மூச்சு வேகத்தை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மகனுக்கு 50, மகளுக்கு 40, அல்லது அதற்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பது, உதடு நீலமாவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, வலிப்பு, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலும் காட்ட வேண்டும். ஃப்ளூவுக்கான வைரஸ் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்; இந்த இருவருக்கும் கடுங்காய்ச்சல் வந்தால் மூன்று நாள் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஆஸ்பிரின் எந்தக் காரணத்துக்கும் கொடுக்கக் கூடாது. தலைக்கு ஊற்றிவிட்டுச் சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் மகள் இருக்கும் அறையில் அந்தப் புகை வேண்டாம். பீடி, சிகரெட் புகையும்தான்.

கடைசியாக, அத்தையை எதிர்த்துக்கொண்டு ஊசி போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பகலில் நீங்கள் இருவரும் கம்பெனியில் இருக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கேட்க நினைப்பதை நேராக மருத்துவரிடமே கேட்கட்டும். 63 வயதும் சர்க்கரையும் சேர்ந்த அவருக்கும் ஃப்ளூ ஆபத்தானதுதான். அவருக்கும் இந்த ஊசி தேவையா என்று அவரைப் பார்க்கும் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்; பெரியவர்களுக்கு முதல் வருடமே ஒன்று போதும்.